குடைக்காரி, ஏழு சுருள்

காப்பார் தவரணைக்குப் பின்னால்
பன்றிக்கொட்டகை இருந்த மேட்டில்
கூடாரம் போட்டார்கள்.
தரைக்குப் பத்துக் காசு, பெஞ்சுக்கு இருபது.
படம் பேசாது.
பேசுவதற்கு என்னை வைத்தார்கள்.

தோட்டத்தில் நான் மூன்றாம் கிராணி.
பெரட்டில் பேர் வாசிக்கிற தொண்டை
இதற்கும் போதும் என்று
சேகு மதார் ராவுத்தர் கணக்குப் போட்டார்.
ராத்திரிக்கு ஒரு வெள்ளி.
திரையில் எழுத்து விழுந்ததும் வாசிக்க வேண்டும்,
ஆணுக்கு என் குரல்,
மிஸ் ஐரிஸுக்கு இன்னொரு குரல்.

மிஸ் ஐரிஸ் குடை திருடுகிறவள்.
மதராஸில் டிராம் நிற்கிற இடமெல்லாம்
அடுத்தவன் குடை அவள் கக்கத்தில்.
துரத்துகிற போலீஸ்காரனே மழைக்கு ஒதுங்கி
அவள் ஒளிந்திருக்கும் குடைக்குள் நுழைவான்.
தரை உருண்டு சிரித்தது.

ஐந்தாம் சுருளில் கட்டினவன் கைவிடுவான்.
படியில் உட்கார்ந்து அழுவாள்.
"நாதா! அடியாளை ஏன் மறந்தீர்?"
என்று அட்டை விழும்.
குரலை ஒடித்து வாசித்தேன்.
பெண்கள் முந்தானையைத் தேடினார்கள்.

ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

உண்ணாமலை. வெளிக்காட்டில் வெட்டுகிறவள்.
ஒன்பது வயதில் கப்பலில் வந்தாள்;
பினாங்குக்கு வெளியே காய்ச்சல் தீவில்
நாற்பது நாள் வைத்திருந்து
காதை எடுத்துக்கொண்டு ஆளை விட்டார்கள்.
நூறு கஜத்துக்கு அப்பால் கங்காணி வாயைப் பார்த்தே
வசவு இன்னதென்று சொல்லிவிடுவாள்.
அவ்வளவு பேர் மூக்கைச் சிந்துகையில்
இவள் தொடையில் தட்டிச் சிரிக்கிறாள்.
பக்கத்தில் இருந்தவள் கிள்ளினாள்.
எனக்கு என் ஒரு வெள்ளிக் கவலை.

மறுநாள் பால் நிறுக்கையில்
வாயை அகலத் திறந்து கேட்டேன்:
எதுக்குச் சிரிச்ச?
வாளியை வைத்தாள்.
மேடு பள்ளம் இல்லாத அந்தக் குரலில் சொன்னாள்:
"நீ என்னா வாசிச்சியோ, எல்லாம் அழுவுதுங்க.
அவ சொன்னது வேற.
'இன்னும் எத்தினி தரம்யா அழுவுறது,
அரிசிக் கடய சாத்திருவான்'னா."

தமிழா?

"நம்ம லயத்துத் தமிழு."

ஐரிஸ் என்று பேர் இருந்தால்
அரிசி வேண்டியிருக்காது என்று
நான் நினைத்திருந்தேன்.

கடைசி ராத்திரி. ஐந்தாம் சுருள். அட்டை விழுந்தது.
"நாதா" என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.
மிஷினின் கடகடப்பு மட்டும் கேட்டது.
அந்த உதடுகளை அப்போதுதான் பார்த்தேன்.
பிறகு, பெண் குரல் போடாமல்:
"இன்னும் எத்தனை தரம்யா அழுவது,
அரிசிக் கடையைச் சாத்திவிடுவான்."

பெஞ்சு சிரித்தது.
தரை சிரிக்கவில்லை.
சாத்துகிற கடை எதுவென்று தரைக்குத் தெரியும்.
"பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்றாள் ஒருத்தி,
நாதனுக்காக யாரும் சொல்லாத பாவம்.

ராவுத்தர் அரை வெள்ளி பிடித்தார்.
கணக்கில் என்னவென்று எழுதினாரோ.

கடைசிச் சுருளில் ஐரிஸ்
திருடின குடைகளையெல்லாம்
மழையில் ஆளுக்கொன்றாய்க் கொடுத்துவிட்டு
நனைந்தபடி போவாள்.
தோள் குலுங்கும். அட்டை கிடையாது.
அங்க என்னா சொன்னா? என்று கேட்டேன்.
"முதுகுல வாயா இருக்கு" என்றாள் உண்ணாமலை.

பெட்டி தெலுக் ஆன்சனுக்கு லாரி ஏறியது.

பேசும் படம் வந்த வருஷம்
கிள்ளானுக்குப் போனோம்.
என் தொண்டைக்கு அங்கே வேலை இல்லை.
ஐரிஸும் இல்லை, தேடிப் பார்த்தோம்.
இவள் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.
"சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுறாளுவ."

கடலை வாங்கினோம். மழை பிடித்தது.
டிக்கெட் அறை ஓரமாய்
யாருடையதோ குடை ஒன்று சாத்தியிருந்தது.
அவள் குடையைப் பார்த்தாள்,
பிறகு என் வாயைப் பார்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.